துறவியின் பெயரும் யோகத்தின் அஸ்மிதையும்

துறவு பூணுபவர் தம் பெயரையும் குலத்தையும் கைவிட வேண்டும் என்னும் வழக்கம், 'நான்' என்னும் உணர்வு குறித்துச் சாங்கியமும் யோகமும் வகுத்த கொள்கையோடு ஒப்புநோக்கத் தக்கது. ஏறத்தாழ கி.பி. 4–5ஆம் நூற்றாண்டுகளில் ஈசுவரகிருஷ்ணர் இயற்றிய சாங்கியகாரிகை, உலகின் முதற்காரணமான மூலப்பகுதியிலிருந்து புத்தியும், புத்தியிலிருந்து அகங்காரமும், அகங்காரத்திலிருந்து மனமும் பொறிகளும் தோன்றுவதாக முறைப்படுத்துகிறது. அனுபவங்களை 'என்னுடையவை' என்று உரிமை கொள்ளும் அந்த அகங்காரம் சடப்பொருளே என்பதும், அறிவே வடிவான புருடன் அதனின் வேறு என்பதும் அந்நூலின் துணிபு. பதஞ்சலியின் யோகசூத்திரம், காண்பவனையும் காணும் கருவியையும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கத்தை அஸ்மிதை எனப் பெயரிட்டு, ஐவகைக் கிலேசங்களுள், அதாவது உயிரை வருத்தும் துன்பங்களுள், அவித்தை என்னும் அறியாமைக்கு அடுத்ததாக வைக்கிறது.

'நான்' என்னும் இந்த அடையாளத்தைக் களைவதையே துறவுச் சடங்கு புறச்செயலாக நிகழ்த்திக் காட்டுகிறது. துறவு ஏற்பவர் தமக்குத் தாமே சிராத்தம் செய்து, தூய்மை வேண்டி விரஜா ஓமம் வளர்த்து, குருவிடம் புதுப்பெயர் பெறுகிறார்; ஒற்றைக்கோல் ஏந்தும் ஏகதண்டி மரபில் குடுமியும் பூணூலும் களையப்பட, முக்கோல் ஏந்தும் வைணவத் திரிதண்டி மரபிலோ அவ்விரண்டும் நிலைபெறுகின்றன. தரும சாத்திரங்கள் இத்தகையோருக்குக் குடும்பச் சொத்தில் பங்கை மறுத்தன. ஆங்கிலேயர் கால நீதிமன்றங்களும் முறைப்படி துறவேற்றவரைச் சட்டத்தின் பார்வையில் இறந்தவராகவே கருதின.

எனினும், இறந்துபோன அடையாளத்தின் இடத்தில் வேறோர் அடையாளம் வந்து அமர்ந்தது. தசநாமி என்னும் துறவு மரபினர் கிரி, புரி, பாரதி, சரசுவதி முதலிய பத்துப் பட்டப்பெயர்களால் பிரிந்து நின்றதோடு, அவர்களுள் ஒரு சாரார் அகாடாக்கள் எனப்படும் ஆயுதமேந்திய துறவியர் அமைப்புகளாகவும் திரண்டனர். 1760இல் ஹரித்வார் கும்பமேளாவில் தசநாமிகளான சைவக் கோசாயிகளும் வைணவ பைராகிகளும் மோதிக்கொண்டதில் பலர் மாண்டனர். கும்பமேளாவில் எந்த அகாடா முதலில் நீராடுவது என்னும் முன்னுரிமைப் பூசல் பின்னரும் தொடர்ந்ததால், ஆட்சியாளர்கள் தலையிட்டு வரிசை வகுக்க நேர்ந்தது.

துறவுக்குப் பின்னும் அடையாளம் நீங்காத இந்நிலையைப் பதஞ்சலியின் நோக்கில் விளக்குவது அரிதன்று. பொருளைப் பற்றி நிற்கும் சமாதியின் படிகளை விதர்க்கம், விசாரம், ஆனந்தம், அஸ்மிதை என அவர் அடுக்குகையில், 'இருக்கிறேன்' என்னும் நுண்ணுணர்வு இறுதிப் படிவரை உடன் வருகிறது. யோகசூத்திரம் பெயர் மாற்றத்தையோ குடுமி களைதலையோ எங்கும் விதிக்கவில்லை. புருடனையும் புத்தியையும் இடையறாது பிரித்தறியும் விவேகக்கியாதி ஒன்றையே அது விடுதலைக்கு வழியாகக் கூறுகிறது.