8,800 யென், கள்ளக்குறிச்சி டெலிவரி

ஜப்பானில் 'விஷுவல் நாவல்' என்று ஒரு வகை உண்டு. திரையில் படம் நிற்கும், கீழே எழுத்து ஓடும், பின்னால் குரலும் இசையும் வரும். அவ்வப்போது கதை நின்று, 'இப்ப என்ன செய்யப் போற?' என்று நம்மைக் கேட்கும். நாம் சொல்கிற பதிலைப் பொறுத்து கிளை பிரியும். 1992-ல் சுன்சாஃப்ட் நிறுவனம் சூப்பர் ஃபேமிகாமுக்கு வெளியிட்ட 'ஒட்டோகிரிசோ' இந்த வகைக்கு அடி போட்டது. 2000 டிசம்பரில் டோக்கியோ காமிக் மார்க்கெட்டில் டைப்-மூன் என்ற அமெச்சூர் குழு 'ட்சுகிஹிமே'யைக் கொண்டுவந்து விற்றது. அதே ஆட்கள் 2004 ஜனவரியில், இப்போது நிறுவனமாக, 'ஃபேட்/ஸ்டே நைட்' வெளியிட்டார்கள். பெயரிலேயே நாவல் இருக்கிறது. படித்து முடிக்க நாற்பது ஐம்பது மணி நேரம் பிடிக்கிற நாவல்.

என் கேள்வி சின்னது. இதில் ஒன்றைக் காசு கொடுத்து, நேர்வழியில், கள்ளக்குறிச்சிக்கு வரவழைத்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும்?

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2012-ஐ எடுத்துக்கொள்கிறேன். முழுவிலை விஷுவல் நாவல் ஒன்றுக்கு ஜப்பானில் வழக்கமான விலை 8,800 யென். அந்த வருடம் 100 யென் சுமார் 67 ரூபாய். ஆக டிஸ்க் மட்டும் 5,900 ரூபாய். பெட்டி பெரிசு, கையேடு கனம், ஒரு கிலோ என்று வைத்தால் தபாலுக்குச் சுமார் 2,000 யென், அதாவது 1,340 ரூபாய். கார்டு கம்பெனி எடுக்கிற மூன்றரை சதவீதத்தையும் சேர்த்தால் 7,500-ஐத் தொட்டுவிடும். இன்னும் கஸ்டம்ஸ் வரவில்லை.

7,500 என்றால் என்ன? 2012-13-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த கூலி நாளுக்கு 132 ரூபாய். ஐம்பத்தேழு நாள் கூலி. கரும்பும் மக்காச்சோளமும் மரவள்ளியும் விளைகிற ஊர்ப்பக்கத்தில் இந்தக் கணக்கைச் சொன்னால் யாரும் சிரிக்கக்கூட மாட்டார்கள். இதே 8,800 யென் 2004-ல் 3,700 ரூபாய்தான். ஜப்பானில் விலை ஏறவில்லை. நம் ரூபாய் இறங்கியதில்தான் இரண்டாயிரத்துச் சொச்சம் கூடியது.

விலை ஒரு பக்கம் இருக்கட்டும், பணத்தை அனுப்புவதே ஒரு காலத்தில் பெரும்பாடு. 1973-ன் ஃபெரா சட்டம் அந்நியச் செலாவணியை இறுக்கிப் பிடித்திருந்தது. 2000 ஜூனில் ஃபெமா வந்த பிறகுதான் பிடி தளர்ந்தது. தனிமனிதர் வருடத்துக்கு 25,000 டாலர் வரை வெளியே அனுப்பலாம் என்ற ரிசர்வ் வங்கித் திட்டம் 2004 பிப்ரவரியில் வந்தது, 'ஃபேட்' வெளியான அடுத்த மாதம். ஆனால் வெளிநாட்டில் செல்லுபடியாகிற கார்டு கையில் இருந்தால்தானே எதுவும் நடக்கும்? அது இருந்தாலும் ஜப்பான் கடைகள் பல வெளிநாட்டுக்கு அனுப்பாது. அங்கே ஒரு ஏஜென்ட் வாங்கி, தன் கமிஷனை வைத்து, திருப்பி அனுப்ப வேண்டும்.

பார்சல் சென்னை ஃபாரின் போஸ்ட் ஆபீசுக்கு வந்து சேர்ந்ததும் அடுத்த கட்டம். எனக்கு இதில் சுவாரசியமான இடம் இதுதான். அச்சுப் புத்தகம் என்றால் நம் நாட்டில் நெடுநாள் இறக்குமதித் தீர்வை கிடையாது. 2019 ஜூலை பட்ஜெட்டில்தான் 5 சதவீதம் போட்டார்கள். ஆனால் டிஸ்க்கில் வருகிற நாவல் புத்தகம் ஆகாது. பெட்டியைப் பார்க்கிற அதிகாரிக்கு அது கேம், வேறு சரக்கு. தீர்வையும் பொருள் விலைக்கு மட்டும் போடுவதில்லை, தபால் செலவையும் சேர்த்த தொகைக்குத்தான். தூரத்திலிருந்து வந்தால் தூரத்துக்கும் வரி. அந்தத் தொகையைத் தபால்காரர் வாசலில் வைத்து வாங்கிக்கொண்டுதான் பார்சலைக் கொடுப்பார்.

'நண்பர் அனுப்பிய அன்பளிப்பு' என்று எழுதிவிட்டால் ஒரு வரம்பு வரை தீர்வை இல்லை என்றொரு சலுகை இருந்தது. அதைப் பலரும் கடைச் சரக்குக்கும் பயன்படுத்த, 2019 டிசம்பர் 12-ல் ராக்கியும் உயிர்காக்கும் மருந்தும் தவிர மற்றதற்கு நிறுத்திவிட்டார்கள். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகி அப்போது பதினாறு நாள்தான்.

இவ்வளவும் கொடுத்து வாங்கிய டிஸ்க்கில் இருப்பது ஜப்பானிய மொழி. 'மிரர் மூன்' என்ற ரசிகர் குழு 2006-ல் 'ட்சுகிஹிமே'யையும் 2008-ல் 'ஃபேட்'டையும் ஆங்கிலத்துக்கு மாற்றி இலவசமாகக் கொடுத்தது. கொடுத்தது பேட்ச் மட்டும். மூல டிஸ்க் நம்முடையதாக இருக்க வேண்டும். ஆக, நேர்மையான வாசகன் படிக்கத் தெரியாத மொழியில் ஒரு டிஸ்க்கை வாங்கி, விண்டோஸை ஜப்பானிய லொகேலுக்கு மாற்றி, அதன்மேல் இலவசமாகக் கிடைத்த ஆங்கிலத்தை ஒட்டிப் படிக்க வேண்டும். டவுன்லோடு பண்ணிக்கொண்டவனுக்கு ஒரு பைசா செலவில்லை. திருட்டை நியாயப்படுத்தவில்லை. ஆனால் நேர்வழிக்கு ஐம்பத்தேழு நாள் கூலியும் குறுக்குவழிக்குச் சும்மாவும் என்று வைத்தால் எது நடக்குமோ அதுதான் நடந்தது.

இங்கே ஒரு ஒப்பீடு. 1972-ல் சிவகாசியில் மு. சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸ் தொடங்கி, இரும்புக்கை மாயாவி என்ற பிரிட்டிஷ் பாத்திரத்தைத் தமிழில் பேச வைத்தார். 1984-ல் லயன் காமிக்ஸ் வந்தது. லண்டனில் வந்த கதையை நம் பையன்கள் பெட்டிக்கடையில் சில்லறை கொடுத்துப் படித்தார்கள். கதை கடல் தாண்டும் செலவையும் மொழிபெயர்ப்பையும் இடையில் ஒருவர் மொத்தமாக ஏற்றுக்கொண்டு, ஆயிரக்கணக்கான பிரதிகளில் பிரித்துவிட்டார். விஷுவல் நாவலுக்கு அப்படி ஒரு சிவகாசி அமையவில்லை. ஒவ்வொரு வாசகனும் தனித்தனியாகக் கப்பல் கூலி கட்டினான்.

2015 நவம்பரில் ஸ்டீமில் ரூபாயில் வாங்கும் வசதி வந்தது. அதே மாதம் 'கிளானட்' ஆங்கிலத்தில் ஸ்டீமுக்கு வந்தது. தபாலும் ஏஜென்டும் கஸ்டம்ஸும் ஒரே அடியில் போயின. அவற்றின் இடத்தில் டேட்டா வந்து உட்கார்ந்தது: 2016 செப்டம்பரில் ஜியோ வரும்வரை ஒரு ஜிபி 250 ரூபாய் பக்கம், கதை ஒன்று சில ஜிபி. ஜியோவுக்குப் பிறகு கீழே கள்ளக்குறிச்சியில் அது ஒரு செலவே இல்லை. கச்சிராயபாளையம் தாண்டி கல்வராயன் மலை ஏறினால் கதை வேறு. வெள்ளிமலைப் பக்கத்துக் குக்கிராமங்களில் சிக்னலுக்காக மேட்டைத் தேடுகிறவர்களிடம் டவுன்லோடு இலவசம் என்று சொல்ல முடியாது.

பார்சல் காலமும் முழுசாகப் போய்விடவில்லை. 'ட்சுகிஹிமே'யின் புது வடிவம் 2024 ஜூனில் ஆங்கிலத்தில் வந்தது, ஸ்விட்சுக்கும் பிளேஸ்டேஷன் 4-க்கும் மட்டும். கம்ப்யூட்டருக்கு இல்லை. நின்டெண்டோ தன் ஆன்லைன் கடையை இந்தியாவில் திறக்கவே இல்லை. ஸ்விட்ச் வைத்திருக்கிறவன் கேசட்டை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால், விலை, தபால், இரண்டுக்கும் சேர்த்துத் தீர்வை என்று அதே மூன்று வரிக் கணக்குதான்.