சாரணர் இயக்கம் நம் பிள்ளைகளுக்கு எதற்கு? ஒரு சின்ன வரலாறு



சாரணர் குழுவுக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும் கதையை எடுத்தால், ஆசிரியர்களாகிய எங்களுக்குப் பெற்றோரிடமிருந்து மூன்று கேள்விகள் வரும். "சேர், இது வெள்ளைக்காரன்ட வேலைதானே?" "இதால படிப்புக் கெட்டுப் போகாதா?" "முடிச்சுப் போடப் படிச்சு என்ன கிடைக்கப் போகுது?" மூன்றும் நியாயமான கேள்விகள். இந்த இயக்கத்தின் வரலாற்றைச் சொன்னால் பதில் அதற்குள்ளேயே இருக்கிறது. கொஞ்சம் நேரமெடுத்து வாசியுங்கள்.

ஆம், தொடங்கியவர் வெள்ளைக்காரர்தான், அதுவும் ஒரு படை அதிகாரி. 1899 ஒக்டோபரில் தென்னாபிரிக்காவின் மஃபெகிங் என்ற சிறு நகரத்தை போயர் படை சுற்றி வளைத்தது. முற்றுகை 217 நாட்கள் நீடித்தது. உள்ளே இருந்த பிரித்தானியப் படைக்குப் பொறுப்பாக இருந்தவர் பேடன் பவல். ஆட்கள் போதாததால் 9 வயதுக்கு மேற்பட்ட சிறுவர்களை ஒரு அணியாகச் சேர்த்தார்கள். செய்தி கொண்டுபோவது, காவல் பார்ப்பது, ஆஸ்பத்திரியில் உதவுவது அவர்களுடைய வேலை. அந்த அணியின் தலைவனுக்கே வயது 13. முற்றுகையில் பசியால் மிக அதிகமாக வருந்தியவர்கள் அங்கிருந்த கறுப்பின மக்கள் என்பதையும் நாம் மறைக்கத் தேவையில்லை. ஆனால் பேடன் பவல் அங்கே ஒரு விடயத்தைக் கண்டார்: சிறுவன்தானே என்று ஒதுக்காமல் உண்மையான பொறுப்பைக் கொடுத்தால், அவன் அதைச் செய்து முடிப்பான்.

அந்தப் பாடத்தைப் போரிலிருந்து பிரித்தெடுத்ததுதான் சாரணியம். 1907 ஓகஸ்ட் 1 ஆம் திகதி இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சுமார் 20 சிறுவர்களோடு பாசறை தொடங்கியது. பணக்காரப் பாடசாலைப் பிள்ளைகளும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே கூடாரத்தில் தங்கினார்கள். நான்கு அணிகள், ஒவ்வொரு அணிக்கும் அவர்களுக்குள்ளேயே ஒரு தலைவன். அடுத்த வருடம் நூல் வெளிவந்தது. அதைப் படித்த சிறுவர்கள் பெரியவர்களுக்குக் காத்திராமல் தாங்களாகவே குழுக்களை அமைக்கத் தொடங்கினார்கள்.

பெண் பிள்ளைகளின் கதை இன்னும் சுவையானது. 1909 இல் இலண்டனில் நடந்த சாரணர் பேரணிக்கு, யாரும் அழைக்காமலே சில சிறுமிகள் வந்து நின்றார்கள். "நாங்களும் சாரணர்தான்" என்றார்கள். அடுத்த வருடமே அவர்களுக்கென்று தனி இயக்கம் உருவானது. நமது நாட்டில் அது 1917 இல் கண்டியில் ஆரம்பமானது. மகள்மாரை எண்ணித் தயங்கும் வாப்பாமார், உம்மாமார் இதைக் கவனியுங்கள்: பெண் பிள்ளைகளுக்குத் தனியான அமைப்பு 100 வருடங்களுக்கு மேலாக இங்கே இருக்கிறது.

ஆண் பிள்ளைகளின் இயக்கம் இலங்கைக்கு வந்தது 1912 இல். மாத்தளை கிறைஸ்ட் சேர்ச் கல்லூரியில் பிரான்சிஸ் ஜோர்ஜ் ஸ்டீவன்ஸ் முதல் குழுவை அமைத்தார். அன்றிலிருந்து இன்றுவரை இந்த நாட்டில் சாரணியம் வளர்ந்தது பெரும்பாலும் பாடசாலைகளுக்குள்தான்.

"வெள்ளைக்காரன்ட வேலை" என்ற கேள்விக்குச் சென்னையில் ஒரு பதில் இருக்கிறது. அந்தக் காலத்தில் இந்தியச் சிறுவர்களைச் சாரணர் குழுக்களில் சேர்க்கவில்லை. அதற்காக அவர்கள் சும்மா இருக்கவில்லை. 1916 இல் அன்னி பெசன்ட் அம்மையார் முன்னின்று இந்தியச் சிறுவர்களுக்கென்றே ஒரு சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். தொப்பிக்குப் பதிலாகத் தலைப்பாகை கட்டினார்கள், தங்கள் நாட்டுப் பாடல்களைப் பாடினார்கள். 1921 இல் பேடன் பவல் இந்தியாவுக்கு வந்தபோது அந்தச் சங்கமும் பொது இயக்கத்தோடு இணைந்தது. ஆக, கதவு அடைபட்டிருந்தவர்கள் தட்டித் திறந்து தங்களுடையதாக்கிக்கொண்ட இயக்கம் இது. இன்று உலகில் மிகக் கூடுதலான சாரணர்கள் இருப்பது இங்கிலாந்தில் அல்ல, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் இந்தோனேசியாவில். சாரணர் வாக்குறுதியின் முதல் கடமை இறைவனுக்குரியது. அதை ஒவ்வொரு பிள்ளையும் தன் மார்க்கத்தின்படி நிறைவேற்றுகிறது.

இனிப் படிப்பு. நமது நாட்டில் சாரணர் சங்கம் 1957 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்டது. குருளைச் சாரணரிலிருந்து வயதுக்கேற்ற பிரிவுகள் உண்டு. படிப்படியாகச் சின்னங்கள் பெற்று, மாவட்ட ஆணையாளர் விருது, பிரதம ஆணையாளர் விருது என்று ஏறி, கடைசியில் ஜனாதிபதி சாரணர் விருது. இதில் எதையும் ஒரே இரவில் பாடமாக்கி எடுக்க முடியாது. பல வருடங்கள் திட்டமிட்டு, குறிப்பேடு எழுதி, செய்து காட்டித்தான் எடுக்க வேண்டும். நேரத்தைப் பிரித்து வேலை செய்யப் பழகிய பிள்ளைக்குச் சாதாரண தரப் பரீட்சை பாரமாக இருக்காது. சான்றிதழ் நாளை நேர்முகப் பரீட்சைக்கும் உதவலாம். ஆனால் அதற்காக மட்டும் சேர்க்காதீர்கள்.

மூன்றாவது கேள்வி, முடிச்சு. நாம் வாழும் இடத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம் இறக்காமக் குளமும் வாய்க்கால்களும் வயலும், கொஞ்சம் கிழக்கே போனால் கடல். 2004 டிசம்பர் 26 இல் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 க்கு மேற்பட்ட உயிர்களைக் கடல் கொண்டுபோனது. 2024 நவம்பர் 26 இல் மாவடிப்பள்ளி வெள்ளத்தில், மதரஸாப் பிள்ளைகள் ஏறிவந்த உழவு இயந்திரம் அள்ளுண்டு போனதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அல்லாஹ் அந்தப் பிள்ளைகளைப் பொருந்திக்கொள்வானாக. சாரணப் பயிற்சி இருந்தால் அது நடந்திருக்காது என்று நாங்கள் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது அநியாயம். ஆனால் தண்ணீருக்குப் பக்கத்தில் வாழும் ஊர்ப் பிள்ளைகளுக்கு, ஓடும் தண்ணீரின் வேகம் எவ்வளவு ஏமாற்றும் என்று யார் சொல்லிக் கொடுப்பது? தண்ணீரில் தத்தளிப்பவரின் உடம்பைச் சுற்றிக் கட்டி இழுத்தாலும் இறுகாத ஒரு முடிச்சு இருக்கிறது. சாரணர்கள் கழுத்தில் கட்டும் துணி வெறும் அலங்காரமில்லை. உடைந்த கையைத் தாங்கவும் காயத்தைக் கட்டவும் உதவும். முதலுதவி, நீச்சல், கூடாரம் அடித்தல், விறகு மூட்டிச் சமைத்தல், வரைபடம் பார்த்து வழி பிடித்தல் எல்லாம் இந்தப் பயிற்சிக்குள் அடங்கும். "தயாராயிரு" என்ற இரகசியமில்லாத ஒற்றைச் சொல்தான் இந்த இயக்கத்தின் மகுட வாசகம்.

இன்று நம் பிள்ளைகளின் நாள் பாடசாலை, டியூஷன், போன் என்று முடிகிறது. வீட்டில் ஒரு பொறுப்பும் கொடுப்பதில்லை. பிறகு "பிள்ளைக்குப் பொறுப்பில்லை" என்று கவலைப்படுகிறோம். 13 வயதுப் பிள்ளையிடம் ஏழெட்டுப் பேர் கொண்ட அணியை ஒப்படைத்துப் பாருங்கள். அதட்டாமலே வளரும்.

ஆகவே உறவுகளே, மகனோ மகளோ "சாரணர்ல சேரட்டா?" என்று கேட்டால் உடனே வேண்டாம் என்று சொல்லாதீர்கள். பாடசாலைக்கு வந்து எங்களோடு கதையுங்கள். பாசறைக்கு யார் கூட வருவார், எங்கே தங்குவார்கள், தொழுகைக்கு என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, பதில் சொல்வது எங்கள் கடமை. முன்னர் சாரணராக இருந்த சகோதரர்கள் ஊரில் இருந்தால், வாரத்தில் ஒரு பின்னேரம் பிள்ளைகளோடு வந்து நில்லுங்கள். புதிய கட்டடத்தை விட எங்களுக்கு இப்போது தேவை அதுதான்.