ஒட்டப்பிடாரத்து வழக்கறிஞர் குடி

தூத்துக்குடியின் வரலாற்றை எழுதப் புகுவோர் முத்துக்குளிப்பையும், அதனை நாடிவந்த போர்ச்சுக்கீசியர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் ஆகியோரின் ஆட்சியையும், 1906இல் தோன்றிய சுதேசிக் கப்பல் கம்பெனியையும் விரித்துரைப்பர். அக்கம்பெனியைக் கண்ட வ. உ. சிதம்பரம் பிள்ளையின் பொதுவாழ்வும் பலரால் ஆராயப்பெற்றுள்ளது. ஆயின், அவர் பிறந்த குடி ஒரு வழக்கறிஞர் குடி என்பதும், அக்குடியின் ஆக்கமும் கேடும் ‘சன்னது’ என்னும் ஒரு தாளைப் பற்றி நின்றன என்பதும் போதிய அளவு கருதப்பெறவில்லை. அவரது வழக்கறிஞர் தொழிலைக் கப்பல் முயற்சிக்கு ஒரு முன்னுரையாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது என்பதே இக்கட்டுரையில் யாம் நிறுவப் புகும் கருத்தாகும்.

கடற்கரையும் சட்டத் தொழிலும்

மன்னார்க் கடலின் இருகரைகளும் நெடுங்காலம் ஒரே வாணிகப் பரப்பாய் விளங்கின. 1658இல் தூத்துக்குடியைக் கைக்கொண்ட ஒல்லாந்தக் கம்பெனியின் பணியாளருள் செருமானியர் பலர் இருந்தனர். இலங்கையில் நிலைத்த அத்தகைய ஐரோப்பியர் வழியினர், ஆங்கிலேயர் ஆட்சியில் சட்டத் தொழிலைப் பெரிதும் மேற்கொண்டனர். அந்நாட்டின் தென்கரை ஊராகிய மாத்தறையில் 1829இல் பிறந்த சார்லசு அம்புரோசு லோரென்சு அவருள் தலைசிறந்தவர். தந்தை வழியில் செருமானியர். வழக்கறிஞராய், சட்டமன்ற உறுப்பினராய், 1859 முதல் ‘சிலோன் எக்சாமினர்’ இதழை நடத்தியவராய்ப் புகழ்பெற்று 1871இல் மறைந்தார்.

லோரென்சு மறைந்த அடுத்த ஆண்டில், கடலின் இக்கரையில் சிதம்பரம் பிள்ளை பிறந்தார். இருவரிடையே உறவோ தொடர்போ இல்லை. எனினும் ஓர் ஒப்புமை கருதத்தக்கது. புதிய நீதிமன்றங்கள் தோன்றிய காலத்தில், நிலவுடைமையாலன்றிச் சட்டக் கல்வியால் உயர்ந்து, அக்கல்வியையே பொதுப்பணிக்குக் கருவியாக்கிய குடிகள் இருகரைகளிலும் எழுந்தன. லோரென்சின் தந்தையார் கடல்கடந்து வந்தவர். சிதம்பரம் பிள்ளையின் முன்னோரோ கரிசல் நிலத்தவர். வேர் வேறாயினும் வளர்ந்த முறை ஒன்றே.

தந்தை காலம்

ஒட்டப்பிடாரம் தூத்துக்குடிக்கு வடமேற்கே கரிசல் நிலத்தில் அமைந்த ஊர். 1799இல் வீழ்ந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைக்கு மிக அணித்தாக உள்ளது. பாளையக்காரர் ஆட்சி ஒழிந்தபின் அப்பகுதியில் அதிகாரம் கோட்டையை விட்டுத் தாலுகாக் கச்சேரிக்கு மாறியது. நில வழக்குகளும் கடன் வழக்குகளும் கச்சேரிகளைச் சூழ்ந்து பெருகின. எழுதவும் வாதிடவும் வல்லார்க்கு அங்கே வாழ்வு கிட்டியது. இச்சூழலில் வழக்கறிஞராய் விளங்கியவர் உலகநாத பிள்ளை. அவருக்கும் பரமாயி அம்மையாருக்கும் 1872 செப்டம்பர் 5ஆம் நாள் சிதம்பரம் பிள்ளை தோன்றினார்.

தந்தையார் மகனது கல்வியில் கொண்ட ஊக்கம் குறிக்கத்தக்கது. தாலுகா அலுவலர் ஒருவர் சிறுவனுக்கு ஆங்கிலம் கற்பித்து வந்தார். அவர் வேற்றூருக்கு மாற்றப்பெற்றபோது, உலகநாத பிள்ளை ஊராரின் துணைகொண்டு ஒட்டப்பிடாரத்திலேயே ஒரு பள்ளியை ஏற்படுத்தினார். பின்னர்த் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் பயின்ற மகன், சிறிது காலம் தாலுகாக் கச்சேரியில் எழுத்தராய் இருந்தார். அதன்பின் தந்தையார் அவரைத் திருச்சிராப்பள்ளிக்கு அனுப்பிச் சட்டம் பயில்வித்தார். 1894இல் தேர்வில் வென்று, 1895இல் ஒட்டப்பிடாரத்தில் இரண்டாம் நிலை வழக்கறிஞராய் மகன் தொழில் தொடங்கினார். நிலத்தைப் போலத் தொழிலும் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கியது. ஆனால் நிலம் பிறப்பால் வருவது, சன்னதோ தேர்வால் வருவது, அரசு அளிப்பது, ஆதலின் அரசு பறிக்கவும் கூடியது. இவ்வேறுபாட்டை நாம் மறத்தலாகாது.

தந்தையும் மகனும்

ஒரே தொழிலைச் செய்தும் இருவர்தம் நெறி வேறாயிற்று. மகன் ஏழைகளுக்குக் கட்டணமின்றி வாதிட்டார்; குற்றவியல் வழக்குகளில் காவல் துறையினரை எதிர்த்து நின்று பலரை விடுவித்தார். அதனால் அதிகாரிகளின் பகை விளைந்தது. அதிகாரிகளின் முகத்தில் நாளும் விழித்து வாழவேண்டிய சிற்றூர் வழக்கறிஞருக்கு அப்பகை எளியதன்று. ஆகவே தந்தையாரே மகனைத் தூத்துக்குடிக்குச் சென்று தொழில் நடத்துமாறு 1900இல் அனுப்பிவைத்தார். தூத்துக்குடியோ 1866இல் நகராட்சியும் 1876இல் இருப்புப்பாதையும் பெற்று வளர்ந்த துறைமுகம். பஞ்சாலையும் வணிக நிலையங்களும் மிக்க நகரம். குடும்பத்தைக் காக்கத் தந்தையார் செய்த இவ்வேற்பாடே மகனைப் பெருங்களத்தில் கொண்டு நிறுத்தியது.

இல்லத்திலும் அவரது நெறி வெளிப்பட்டது. கண்ணொளி இழந்த இராமையா தேசிகரைத் தம் இல்லத்தில் வைத்து உணவளித்தபோது, சாதி கருதி ஊரார் குறைகூறினர். முதல் மனைவியார் வள்ளியம்மை அதனைப் பொருட்படுத்தாது அவருக்கு அன்னமிட்டார். இதனைச் சிதம்பரம் பிள்ளை செய்யுளால் இயற்றிய தன்வரலாற்றில் நன்றியுடன் பதிந்துள்ளார். வள்ளியம்மை இளமையிலேயே மறைய, 1901இல் மீனாட்சி அம்மையாரை மணந்தார்.

சட்ட அறிவும் கப்பல் கம்பெனியும்

1906 அக்டோபர் 16ஆம் நாள் பதிவுபெற்ற சுதேசிக் கப்பல் கம்பெனி நாட்டுப்பற்றால் எழுந்தது என்பது உண்மை; எனினும் அது எடுத்த வடிவம் சட்ட வடிவமாகும். மூலதனம் பத்து இலட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய், பங்குகள் 40,000. பாண்டித்துரைத் தேவர் தலைவராகவும், சிதம்பரம் பிள்ளை துணைச் செயலாளராகவும் இருந்தனர். ஆட்சியாளரின் சட்டத்தையே அரணாகக் கொண்டு, ஆட்சியாளர் நாட்டுக் கம்பெனியை எதிர்க்கும் வணிக நிறுவனம் அமைக்கப்பெற்றது. அயலார் நீதிமன்றத்தில் அவர்தம் சட்டத்தைக் கொண்டே வாதிட்டுப் பழகிய ஒருவர் செய்யக்கூடிய செயலே இது என்பது எம் துணிபு.

சன்னது பறிபோதல்

1908 மார்ச்சு 12ஆம் நாள் அவர் சிறைப்பட்டார். சூலை 7ஆம் நாள் நீதிபதி பின்கே இருமுறை நாடுகடத்தல் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைக்கப்பெற்றது. கோயம்புத்தூரிலும் கண்ணனூரிலும் சிறையிலிருந்து 1912 டிசம்பரில் அவர் மீண்டார். இடைப்பட்ட காலத்தில் குடும்பம் பட்ட துயர் பெரிது. தண்டனைச் செய்தி கேட்டுத் தம்பி மீனாட்சிசுந்தரம் மனநிலை திரிந்து, பின்னர் மீளவேயில்லை. மீண்டவருக்குத் தொழிலும் இல்லை. தண்டனையோடு சன்னதும் நீக்கப்பெற்றிருந்தது.

அதன்பின் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் அக்குடும்பம் வறுமையில் உழன்றது. தென்னாப்பிரிக்கத் தமிழர் திரட்டித் தந்த 347 ரூபாய் 12 அணாவைக் குறித்து 1915–16இல் காந்தியடிகளுக்கு அவர் எழுதிய கடிதங்கள், அத்தொகை அவ்வில்லத்திற்கு எத்துணைத் தேவையாயிருந்தது என்பதைக் காட்டும். இக்காலத்தில்தான் திருக்குறள் அறத்துப்பால் மணக்குடவர் உரையை 1917இல் பதிப்பித்தார் என்பதைத் தமிழாய்வாளர் நெஞ்சிற் கொள்ளுதல் வேண்டும்.

பின்னர் நீதிபதி வாலேசு சன்னதை மீட்டுத் தந்தார். அவர் முன்பு திருநெல்வேலியில் நீதித்துறைப் பதவியில் இருந்து சிதம்பரம் பிள்ளையை அறிந்தவர். நன்றிக்கு அறிகுறியாகக் கடைசி மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். மூத்த மகனின் பெயர் உலகநாதன். அது பாட்டனார் பெயர். முதல் மகன் பெயரில் சன்னதைத் தேடித்தந்த தந்தையும், கடைசி மகன் பெயரில் இழந்த சன்னதை மீட்டுத்தந்த நீதிபதியும் நிற்கின்றனர். கல்வெட்டும் செப்பேடும் இல்லாத ஒரு குடிக்கு மக்கட்பெயர்களும் சான்றாதல் கூடும்.

முடிவுரை

கோவிற்பட்டியில் தொழில் நடத்திப் பின் 1932இல் தூத்துக்குடிக்கு மீண்ட அவர், 1936 நவம்பர் 18ஆம் நாள் அங்கே காலமானார். அவ்வாண்டில் அவர் எழுதிய உயில், கடைகளுக்குத் தரவேண்டிய சிறு கடன்களையும் ஒன்று விடாது குறிக்கின்றது. பிறர் உரிமைக்காக வாதிட்டவர், தம்மிடம் பிறர்க்குள்ள உரிமையையும் மறவாது எழுதிவைத்தார்.

2011 முதல் தூத்துக்குடித் துறைமுகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. ஒட்டப்பிடாரத்து இல்லம் நினைவகமாக உள்ளது. துறைமுகம் அவரது வெற்றியை நினைவூட்டுவது. இல்லமோ அவ்வெற்றிக்கு ஒரு குடி செலுத்திய விலையை நினைவூட்டுவது. நாட்டு வரலாற்றை எழுதுவோர் இரண்டையும் ஒருங்கு வைத்து நோக்குதல் கடனாகும்.