நெய்வேலி நிலக்கரிக் கணக்கு: உத்தேசமும் பிழையும்

நெய்வேலி முதல் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிப் படுகை வெளிப்பட்டது 1961 ஆகஸ்டில். அதற்கு முந்தைய கால் நூற்றாண்டில் அந்த நிலக்கரி பெரும்பாலும் ஓர் உத்தேசக் கணக்காகவே இருந்தது. பள்ளிக் கணக்கில் முழுமையாக்கல், தோராய மதிப்பு, அளவீட்டுப் பிழை என்று தனித்தனியாக வரும் பாடங்கள் எல்லாம் இந்த ஊரின் வரலாற்றில் ஒன்றாக வந்து சேர்கின்றன.

1930களின் நடுவில், அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில் ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் கிணற்றுக்காகத் துளையிட்டபோது தண்ணீரோடு கருநிறப் பொருள் மேலே வந்தது. 1940களில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையும், பின்னர் சென்னை மாகாண அரசின் சார்பில் சுரங்கப் பொறியாளர் எச்.கே. கோஷும் அப்பகுதியில் துளையிட்டு ஆராய்ந்தனர். ஏறத்தாழ 100 சதுர மைல் பரப்பில் 200 கோடி டன் நிலக்கரி இருக்கலாம் என்பது அந்த ஆய்வுகளின் முடிவு.

இத்தகைய கணக்கின் அடிப்படை எளிது. பரப்பைப் படுகையின் தடிமனாலும், வரும் கன அளவை அடர்த்தியாலும் பெருக்க வேண்டும். ஆனால் தடிமன் துளையிட்ட இடங்களில் மட்டுமே தெரியும். இடைப்பட்ட நிலம் முழுவதும் அனுமானம். நெய்வேலியில் படுகையின் தடிமன் 8 மீட்டர் முதல் 26 மீட்டர் வரை மாறுகிறது. எனவே எந்தச் சராசரியை எடுப்பது என்பதே விடையைப் பெருமளவு தீர்மானித்துவிடும்.

பிழை எப்படிப் பெருகுகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கில் காணலாம். 1 சதுர கிலோமீட்டர் பரப்பு, 15 மீட்டர் தடிமன், கன மீட்டருக்கு 1.15 டன் அடர்த்தி என்று கொண்டால் 1.725 கோடி டன் வரும். தடிமன் 14.5 முதல் 15.5 மீட்டருக்குள்ளும், அடர்த்தி 1.1 முதல் 1.2-க்குள்ளும் இருக்கலாம் என்றால், விடை 1.595 கோடியிலிருந்து 1.86 கோடி வரை எங்கும் அமையலாம். தடிமனில் சுமார் 3 விழுக்காடு, அடர்த்தியில் சுமார் 4 விழுக்காடு என்றிருந்த பிழைகள் விடையில் ஒன்றுகூடி 8 விழுக்காட்டை நெருங்குகின்றன. அந்நிலையில் 1.725 என்று எழுதுவது இல்லாத துல்லியத்தைக் காட்டும். 1.7 கோடி என்பதே நேர்மையான விடை.

நெய்வேலிச் சுரங்கம் உருவான காலத்திலேயே நாட்டில் அலகு மாற்றமும் நிகழ்ந்தது. நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பதிவான 1956-ஆம் ஆண்டிலேயே எடை, அளவைத் தரச் சட்டமும் நிறைவேறியது. 1957 ஏப்ரல் 1 முதல் தசம நாணயமான நயா பைசா புழக்கத்துக்கு வந்தது. மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். அடி, மைல், பிரிட்டிஷ் டன் என்று எழுதப்பட்டவை மெட்ரிக் அளவுக்கு மாறின. 100 சதுர மைல் 259 சதுர கிலோமீட்டர் ஆனது. முதல் எண்ணைப் பார்ப்பவர் அதைத் தோராயம் என்று உடனே உணர்வார். இரண்டாவது எண் நுட்பமாக அளந்தெடுத்தது போல் தோன்றும். மாறியது அலகு மட்டுமே, துல்லியம் கூடவில்லை. பிரிட்டிஷ் டன் 1,016 கிலோ, மெட்ரிக் டன் 1,000 கிலோ என்ற 1.6 விழுக்காட்டு வேறுபாடும் 200 கோடி என்ற முழு எண்ணின் தோராயத்துக்குள் அடங்கிவிட்டது.

நிலத்தடி நீரைப் பற்றிய கணக்கில் இத்தகைய தாராளத்துக்கு இடமில்லை. படுகைக்கு அடியில் உள்ள நீர் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தில் மேல்நோக்கி உந்துகிறது; அது 60 முதல் 80 மீட்டர் உயர நீர்த்தம்பத்துக்குச் சமம். மேல்மண்ணை அகற்றும்போது இந்த அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரை உடைந்து நீர் பீறிடும். அதனால் பம்புகள் இரவு பகலாக நீரை இறைத்தபடி இருக்கின்றன. நிலக்கரியின் அளவைச் சற்றுக் கூட்டிக் கணித்தால் வருமானம் குறையும். நீரழுத்தத்தைக் குறைத்துக் கணித்தால் சுரங்கமே மூழ்கும். 5-க்குக் குறைந்தால் விடு, 5 முதல் மேலே ஏற்று என்ற பள்ளி விதி இங்கே போதாது. ஆபத்து எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாக முழுமையாக்குவதே பொறியியல் வழக்கம்.

நிலக்கரி வெளிவந்து, 1962-இல் மின் உற்பத்தி தொடங்கிய பின்னும் உத்தேசம் ஒழியவில்லை. நெய்வேலி நிலக்கரியின் எடையில் ஏறத்தாழப் பாதி ஈரம். காய்ந்தால் எடை குறையும், எரிதிறன் கூடும். ஆகவே டன் கணக்கோடு ஈரப்பதத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் எண்ணுக்குப் பொருள் உண்டு. குவியல்களில் உள்ள இருப்பையோ தராசில் நிறுக்க முடியாது. கன அளவை சர்வே செய்து அடர்த்தியால் பெருக்குகிறார்கள். நிலக்கரித் துறையில் இந்தப் பிழைக்குக் கணக்கு விதியிலேயே இடம் உண்டு: கோல் இந்தியா நிறுவனம் ஏட்டு இருப்புக்கும் அளந்த இருப்புக்கும் இடையே 5 விழுக்காடு வரையிலான வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை.

நிலத்தடி இருப்பையும் இன்று ஒற்றை எண்ணாகத் தருவதில்லை. மெய்ப்பிக்கப்பட்டது, சுட்டப்பட்டது, ஊகிக்கப்பட்டது என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். நிலக்கரிக்கான இந்திய நடைமுறையில் துளையிலிருந்து 200 மீட்டருக்குள் இருப்பது முதல் வகை, 1 கிலோமீட்டர் வரை இரண்டாவது, 2 கிலோமீட்டர் வரை மூன்றாவது. இந்தியாவின் பழுப்பு நிலக்கரி இருப்பு 4,500 கோடி டன்னுக்கு மேல், அதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு தமிழ்நாட்டில் என்று சொல்லும்போது, இந்த மூன்று வகைகளும் அந்தக் கூட்டுத்தொகைக்குள் கலந்தே இருக்கின்றன.