மிளகும் மிளகாயும்

போன வாரம் வீடு மாத்தினோம். அடுக்களையைக் காலி பண்ணும்போது பரண்ல ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், நிறைய மிளகு. அப்பா திவசத்துக்குன்னு அம்மா தனியா வெச்சது. அன்னிக்கு எங்க வீட்டுல மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூணும் கூடாது. ஏன்னு கேட்டா "அது அப்படித்தான்"னு முடிச்சுடுவாள்.

மூணுமே அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு என்பதைப் பிற்பாடுதான் கவனித்தேன். மிளகாயைப் போர்ச்சுகீசியர்கள் இங்கே கொண்டுவந்தது 16-ஆம் நூற்றாண்டில். அதுவரை நமக்குக் காரம்னா மிளகுதான். சங்கப் பாடல்களில் அதன் பேர் 'கறி'. எகிப்தின் பெரெனிகே துறைமுகத்துக் கோயிலில், முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த இந்தியத் தாழி ஒன்றில் சுமார் 7.5 கிலோ மிளகு கிடைத்திருக்கிறது. வந்தேறியான மிளகாய், பேரைக்கூட மிளகிடம்தான் கடன் வாங்கியது. திவசச் சமையலுக்கு மட்டும் அது இன்னும் வந்துசேரவில்லை!

அப்பாவுக்கோ மிளகாய் பஜ்ஜின்னா உயிர்.

புது வீட்டில் அடுத்த மாசம் திவசம். பாட்டிலை லாரியில் ஏத்தவிடாமல் மடியிலேயே வெச்சுண்டு வந்தாள் அம்மா.