மலையேறிய மொறிஸ் மைனரும் காதால் பழுதறிந்த பாஸ்மாரும்

வெல்லவாயவிலிருந்து தியலும நீர்வீழ்ச்சியையும் கொஸ்லந்தவையும் கடந்து பெரகல சந்தி வழியாக அப்புத்தளைக்கு ஏறும் பாதை, அடிவாரத்திலிருந்து 1,200 மீற்றருக்கும் மேலாக உயர்வதால், ஊவாத் தோட்டங்களுக்கு வந்த பழைய மோட்டார் கார்களின் எஞ்சின்களை ஓயாமல் சோதித்து வந்துள்ளது. ஆயிரம் மீற்றருக்கு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு காற்றின் அடர்த்தி குறைகிறது. பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் காபரேட்டரோ அதற்கேற்பப் பெற்றோலைக் குறைப்பதில்லை. கீழே சீராக ஓடிய கார் மேலே வந்து நிற்கையில் குலுங்குவதற்கு இதுவே முதற்காரணம். அக்சிலரேட்டரில் கால் வைக்காதபோது எஞ்சின் மெதுவாகத் தானே சுழலும் நிலையை ஐட்லிங் என்பர். எஞ்சினின் உள்நோய் முழுவதும் வெளிப்படும் நிலை அதுதான்.

இலங்கைக்கு மோட்டார் கார் 1902இல் வந்தது. எனினும் பழுதறியும் கலை வளர்ந்தது, 1948இல் பிரித்தானியாவில் அறிமுகமான மொறிஸ் மைனர் போன்ற கார்கள் இங்கே முதுமையடைந்த காலத்திலாகும். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டு, 1977இல் திறந்த பொருளாதாரம் வரும்வரை அந்நிலை நீடித்ததால், தோட்டத் துரைமாரின் காராயினும் வாடகைக் காராயினும் இருப்பதைக் கொண்டே ஓட்ட வேண்டியிருந்தது. உதிரிப்பாகம் அரிதாகிய நிலையில், பாகத்தை மாற்றிப் பார்ப்பதைவிடக் காரணத்தைத் தவறின்றிக் காண்பதே கராஜின் உயிர்நாடியாயிற்று.

கைவினைஞரை இலங்கையில் பாஸ் என்பர். அது ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல். பாஸ் முதலில் செய்வது, ஓடும் எஞ்சினின் நான்கு பிளக் வயர்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றுவது. கழற்றியும் எந்த வயருக்கு ஓசை மாறவில்லையோ அந்த சிலிண்டரே வேலை செய்யாதது. அடுத்து, தீப்பொறிக்கான மின்சாரத்தை வெட்டிவிடும் பாயிண்டின் முகத்தை மெல்லிய அரத்தால் தேய்த்து, இடைவெளியை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பதினைந்து பங்காக வைப்பார். பின்னர் எஸ்.யூ. வகைக் காபரேட்டரின் உள்ளே மேலும் கீழும் நகரும் பிஸ்டனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக மெல்ல உயர்த்துவார்: எஞ்சினின் வேகம் கூடி அப்படியே நீடித்தால் பெற்றோல் மிகுதி, சற்றே கூடித் தணிந்தால் கலவை சரி, எஞ்சின் அணைந்தால் பெற்றோல் குறைவு. விலையுயர்ந்த கருவி எதுவுமின்றி விரலும் காதும் தரும் இந்தத் தீர்ப்பு, எந்த அளவுகோலால் பார்த்தாலும் வியக்கத்தக்கது. காற்று கசியும் கேஸ்கட்டின் சீறலையும் இதே காதுதான் பிரித்தறிந்தது.

2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டபோது புதிய சிக்கலொன்று எழுந்தது. வால்வு வந்தமரும் வார்ப்பிரும்பு விளிம்பை ஈயம் தேய்மானத்திலிருந்து காத்து வந்தது. அக்காப்பு நீங்கியபின் விளிம்பு அமிழ்ந்து, வால்வு முழுமையாக மூடாமல் அழுத்தம் கசியும் எஞ்சினின் ஐட்லிங் தடுமாறும். காபரேட்டரை எவ்வளவு திருகினாலும் அது தீராது. சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிக் கடினமான வளையம் பதிப்பதே வழி.

மின்னணுப் பெட்டியே கலவையைத் தீர்மானிக்கும் கார்கள் பெருகிவிட்ட இன்று, காதால் பழுதறியும் இந்தத் திறனுக்கு மாணாக்கர் குறைந்து வருகின்றனர். பதுளை, பண்டாரவளை வட்டாரத்துப் பாடசாலைகளும் நூலகங்களும் முதிய பாஸ்மாரை அணுகி, அவர்கள் கைப்பட அறிந்ததை அவர்களுடைய சொற்களிலேயே எழுதிவைக்க வேண்டும்.