கிளிநொச்சியும் இன்சுலினும்

ஏதாவதொரு புரதத்தை இணையத்தில் தேடிப் பாருங்கோ. ஆங்கில எழுத்துகள் வரிசையாக வந்து விழும். ஓர் எழுத்து ஓர் அமினோ அமிலம். இன்சுலினுக்கு 51 எழுத்து. அதைக் கண்டுபிடிக்க பிரெட்ரிக் சாங்கருக்குப் பத்து வருஷம் மட்டில் போனது.

ஏன் அவ்வளவு காலம்? நீண்ட சங்கிலியை ஒரேயடியாக வாசிக்க அப்போது வழியில்லை. ஒரு நொதியத்தால் வெட்டி, பிறகு இன்னொன்றால் வேறு இடங்களில் வெட்டி, சின்னத் துண்டுகளைத்தான் வாசிக்கலாம். ‘கிளிநொ’, ‘நொச்சி’ என்று இரண்டு துண்டு கிடைத்தால் பொதுவான ‘நொ’வை வைத்து கிளிநொச்சி என்று பொருத்திவிடுவோம். நூற்றுக்கணக்கான அமினோ அமிலம் உள்ள புரதமென்றால் தலை சுற்றும்.

மார்கரெட் டேஹாஃப் என்ற அமெரிக்கர் இதைக் கணினிக்குரிய வேலையாகப் பார்த்தார். 1940களில் வேதியியல் ஆய்வுக்கே துளையட்டை இயந்திரங்களைப் பயன்படுத்தியவர் அவர். 1962இல் ரொபர்ட் லெட்லியுடன் சேர்ந்து ஐ.பி.எம். 7090 கணினிக்கு ‘கொம்புரோட்டீன்’ என்ற நிரலை எழுதினார். துண்டுகளைப் பொருத்துவது நிமிடக்கணக்கு வேலையானது. மூன்றெழுத்துச் சுருக்கங்கள் அட்டையில் இடத்தைத் தின்றதால் அவற்றை ஓரெழுத்தாக்கினார். பினைல்அலனினுக்கு ‘எஃப்’, ஒலியை வைத்து!

1965இல் அவரது குழு அதுவரை தெரிந்த 65 புரத வரிசைகளைப் புத்தகமாக்கியது. 1978இல் நெருங்கிய உறவுள்ள 71 புரதக் கூட்டங்களில் 1572 மாற்றங்களை எண்ணி, எந்த அமிலம் எதுவாக மாறக்கூடும் என்று அட்டவணை போட்டார். இரண்டு புரதங்கள் சொந்தமா என்று கணினி சொல்வதற்கு அடிப்படை அதுதான்.

ஆனால் சேகரிப்பதை ஆய்வு என்று பலர் மதிக்கவில்லை. நிதி தட்டுப்பாடு. செலவை ஈடுகட்டத் தொகுப்பைக் காசுக்குக் கொடுத்தார்கள், மறுவிநியோகத்தையும் தடுத்தார்கள். தாங்கள் கண்டுபிடித்ததைத் தங்களுக்கே விற்பதா என்று ஆய்வாளர்களுக்குக் கோபம். அந்தக் கோபம் நியாயம் என்றே நினைக்கிறோம். அதேநேரம், அந்தச் சேகரிப்பு வேலைக்கு ஒழுங்காகச் சம்பளம் கொடுக்க ஆரும் முன்வந்ததாகவும் தெரியவில்லை.

1982இல் தேசிய மரபணுத் தரவுத்தளமான ஜென்பாங்க், திறந்த அணுகலை முன்வைத்த லொஸ் அலமோஸ் குழுவுக்குப் போனது. டேஹாஃப் 1983 பெப்ரவரியில் இறந்தார், வயது 57. அவரது தொகுப்பு 2002இல் யூனிப்ரொட்டில் கலந்தது. இப்போது அதை ஆரும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம்.